ஆளி யார் கையில்?

கடந்த ஆண்டு யூலை மாத இரவொன்றில், பத்தரை மணிபோல, அம்மா தொலைபேசியில் அழைத்தார். நான் மெல்பேர்னில் இருக்கிறேன். அவர் சிட்னியின் மேற்கே துங்காபியில், தங்கையின் வீட்டுப் பின்வளவில் கட்டிய சிறு வீட்டில் இருக்கிறார். அன்று தங்கை குடும்பம் ஊரில் இல்லை.

"தம்பி, நடையில லைட் எரியுதில்லை. கரண்ட் இருக்கு, பிறிச் ஓடுது. சுவிச்சை நாலு தரம் போட்டு நிப்பாட்டிப் பாத்திட்டன்."

அந்த மின்குமிழைப் பூட்டியவன் நான்தான். அம்மாவுக்கு இடுப்பெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தபின், இரவில் அவர் எழுந்து குளியலறைக்குப் போகும்போது நடையில் தானாக வெளிச்சம் வரட்டும் என்று அசைவுணரி ஒன்றும் 'ஸ்மார்ட்' குமிழ் ஒன்றும் வாங்கிப் பூட்டியிருந்தேன். அன்றிரவு குமிழில் பழுதில்லை, உணரியில் பழுதில்லை, வீட்டில் இணையமும் இருந்தது. எங்கோ தொலைதேசத்தில் இருந்த ஒரு நிறுவனத்தின் சேவையகம் மட்டும் சில மணிநேரம் பேசவில்லை. நடையில் அம்மா அசைந்த செய்தி கடல் தாண்டிப் போய், அங்கிருந்து கட்டளை திரும்பி வந்தால்தான் நான்கு மீற்றர் தள்ளியிருந்த குமிழ் எரியும் என்பது எனக்கு முன்பே தெரியும். அதைப் பற்றி நான் யோசித்ததில்லை, அவ்வளவுதான்.

சுவரில் இருந்த சுவிச் ஏன் உதவவில்லை என்பதற்கும் நான்தான் காரணம். மின்தடை வந்து போனால் நள்ளிரவில் எல்லாக் குமிழ்களும் ஒன்றாக எரிந்து அம்மாவை எழுப்பிவிடும் என்று பயந்து, மின்சாரம் திரும்பினாலும் அணைந்தே இருக்கும்படி அவற்றை அமைத்து வைத்திருந்தேன்.

நான் தொலைபேசியில் வழிசொல்லத் தொடங்குமுன் அம்மா சாமிப்படத்துக்கு முன்னிருந்த விளக்கை ஏற்றி, ஒரு கையில் அதையும் மறுகையில் ஊன்றுகோலையும் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார். அடுத்த நாள் சொன்னார்: "யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாமலே விளக்கெரிச்சனாங்கள். இங்க கரண்ட் இருந்தும் இருட்டு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊன்றுகோலோடு எரியும் விளக்கைத் தூக்கிக்கொண்டு நடந்த ஒரு வயோதிபரை நினைத்துப் பார்த்தேன். அதன் பிறகுதான், பத்து வருடமாகப் பொழுதுபோக்காகச் செய்துவரும் இந்த வீட்டுத் தானியக்கம் எங்கிருந்து வந்தது, இடையில் எங்கே வழிமாறியது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். எங்கள் பாடநூல்களில் சுவிச்சுக்கு 'ஆளி' என்று பெயர். ஆளுவது ஆளி. அந்த ஆளி யார் கையில் இருந்தது என்ற கேள்வியோடு படித்தால் இந்த வரலாறு தெளிவாகிறது.

*

அவுஸ்திரேலிய வீடுகளுக்குத் தானியக்கம் கைத்தொலைபேசியோடு வந்தது என்று நினைப்பது பிழை. சிட்னியில் அது 1950களிலேயே வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் கையில் வரவில்லை.

சுடுநீர்த் தாங்கிகள் எல்லாம் மாலையில் ஒரே நேரத்தில் மின்சாரம் இழுத்தால் மின்வலை தாங்காது. அதனால் மின்சார சபையினர் ஓர் ஏற்பாடு செய்தார்கள். 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்தின் மேல், அதைவிடப் பலமடங்கு அதிர்வெண் கொண்ட ஒரு சமிக்ஞையை ஏற்றி அனுப்புவார்கள். மீற்றர்ப் பெட்டியில் இருக்கும் சிறு கருவி அந்தச் சமிக்ஞையை இனங்கண்டு, நள்ளிரவில் சுடுநீர்த் தாங்கியை இயக்கும், விடியுமுன் நிறுத்தும். சிட்னியின் பழைய வீடுகளில் இரவில் கூரை விசிறி திடீரென ஒருவித முனகலோடு சுழன்று, சில நிமிடத்தில் அமைதியாவதைக் கேட்டவர்கள் இருப்பீர்கள். அது பேயுமல்ல, பழுதுமல்ல. மின்கம்பி வழியாக யாரோ உங்கள் தெருவின் சுடுநீர்த் தாங்கிகளோடு பேசுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. ஒரு ஆளியை நீங்கள் சபையின் கையில் கொடுக்கிறீர்கள், அதற்குப் பதிலாக மலிந்த கட்டணம் கிடைக்கிறது. கொடுத்தது சுடுநீரை மட்டும். நடை விளக்கை யாரும் கேட்கவில்லை.

*

ஆளியைத் தம் கையில் வைத்திருக்க விரும்பியவர்களின் மரபு இதைவிடப் பழையது. சிட்னியில் 1922இல் 'வயர்லெஸ் வீக்லி' என்ற சஞ்சிகை தொடங்கியது. வானொலிப் பெட்டியைக் கடையில் வாங்குவதைவிட வீட்டு மேசையில் கட்டிக்கொள்வதே பலருக்கு இயலக்கூடியதாக இருந்த காலம் அது. அந்தச் சஞ்சிகை 1939இல் 'ரேடியோ அன்ட் ஹொபீஸ்' ஆகி, 1965இல் 'இலெக்ட்ரோனிக்ஸ் அவுஸ்திரேலியா' என்று பெயர் மாறி, 2001 வரை வாழ்ந்தது. 1987 நவம்பரில் 'சிலிக்கன் சிப்' தொடங்கியது; அது இன்றும் வெளிவருகிறது. ஒவ்வொரு இதழிலும் ஒரு மின்சுற்று வரைபடம், பாகங்களின் பட்டியல், எங்கே பிழைக்கும் என்ற எச்சரிக்கை. 1968இல் சிட்னியில் கார் வானொலி பூட்டும் சிறு கடையாகத் தொடங்கிய டிக் ஸ்மித், பாகங்களையும் கட்டுப்பெட்டிகளையும் விற்கும் கடைத்தொடராக நாடு முழுவதும் பரவினார். அந்தக் கடைகள் 2016இல் மூடப்பட்டன.

வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை 1973இல் முடிவுக்கு வந்தபின்னும், குறிப்பாக 1983 யூலைக்குப் பிறகும் இங்கு வந்த நம்மவர்களில் பொறியியல் படித்தவர்கள் பலர். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில் வாகனக் கொட்டகையில் சோல்டரிங் அயனோடு ஒரு மேசை. அந்த மேசைகளை நான் சிறுவயதில் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பழுதான ரீவியைத் தூக்கி எறிய மனம் வராத தலைமுறை அது. பிள்ளைகள் நாங்கள் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தோம்.

அதே காலத்தில் ஊரில் வேறொரு பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. 1990இன் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் இல்லை, எரிபொருளும் இல்லை. சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் மற்றவர்கள் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் வைத்து எரித்த விளக்கில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். மிதிப்பது நின்றால் செய்தி நிற்கும். ஏன் நின்றது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யார் வேண்டுமானாலும் ஏறி மிதிக்கலாம்.

இந்த இரண்டு மரபுகளுக்கும் பொதுவானது ஒன்றுண்டு. இயங்கும் பொருளும் அதைத் திருத்தத் தெரிந்தவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்.

*

வீடு முழுவதையும் இயக்கும் கனவு அமெரிக்காவில் முளைத்தது. 1966இல் பிற்ஸ்பேர்க் நகரில் ஜிம் சதர்லாண்ட் என்ற பொறியியலாளர், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் மிஞ்சிய பாகங்களைக் கொண்டு, வீட்டுக் கணக்கையும் கடிகாரங்களையும் கவனிக்கும் 'எக்கோ 4' என்ற கணினியைத் தன் வீட்டில் கட்டினார். அது பல அலுமாரிகளின் அளவு. விற்பனைக்கு வரவேயில்லை. 1975இல் ஸ்கொட்லாந்தின் கிளென்றோதஸ் ஊரில் இருந்த பிக்கோ நிறுவனம் 'எக்ஸ்10' முறையை உருவாக்கியது. வீட்டிலுள்ள மின்கம்பியையே செய்தி கொண்டுசெல்லும் பாதையாக்கி, மின்னலை பூச்சியத்தைக் கடக்கும் கணத்தில் சிறு துடிப்புகளை அனுப்புவது அதன் உத்தி. சுடுநீர்த் தாங்கியோடு மின்சார சபை பேசிய அதே வழி. ஆனால் இப்போது பேசுபவர் வீட்டுக்காரர்.

அவுஸ்திரேலியாவின் சொந்தப் பங்களிப்பு அடிலெய்ட் நகரிலிருந்து வந்தது. ஜெராட் குடும்பத்தின் கிளிப்சல் நிறுவனத்தைச் சுவர் சுவிச்சுகளில் பார்க்காத வீடு இங்கே குறைவு. அந்த நிறுவனம் 1990களில் 'சி-பஸ்' என்ற முறையைக் கொண்டுவந்தது. சுவிச்சுக்குள் 230 வோல்ற் போகாது. தாழ்ந்த அழுத்தத்தில் இயங்கும் இளஞ்சிவப்புக் கம்பி செய்தியை மட்டும் கொண்டுபோகும், மின்பலகையில் உள்ள கருவி விளக்கை எரிக்கும். வெளி நிறுவனம் எதனோடும் பேசவேண்டிய தேவை அதற்கு இல்லை. ஆனால் வீடு கட்டும்போதே கம்பி இழுக்கவேண்டும், விலையும் கூட. துங்காபியிலோ டண்டினொங்கிலோ பழைய செங்கல் வீடு வாங்கிய நம்மவருக்கு எட்டாத பொருள்.

இங்கே சட்டத்தையும் சொல்லவேண்டும். அவுஸ்திரேலியாவில் சுவருக்குள் இருக்கும் நிலையான மின்கம்பியை உரிமம் பெற்ற மின்னியலாளர் தவிர வேறெவரும் தொடக்கூடாது. ஊரில் சுவிச்சைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கை இங்கே கட்டப்பட்டது. அதோடு பழைய வீடுகளில் சுவிச் வரை நியூட்ரல் கம்பி வருவதில்லை. பெரும்பாலான ஸ்மார்ட் சுவிச்சுகளுக்கு அது தேவை. ஆகவே பொழுதுபோக்காளர் சுவரை விட்டுவிட்டு, செருகக்கூடியவற்றுக்கும் திருகக்கூடியவற்றுக்கும் நகர்ந்தார்கள். குமிழ், பிளக், பற்றரியில் இயங்கும் உணரி. சுவிச்சை விட்டுக் குமிழுக்குள் அறிவை வைக்கும் பழக்கம் இங்கு வேரூன்றியதற்கு இந்தச் சட்டமும் நியூட்ரல் இல்லாத சுவர்களும் பெரிய காரணம் என்பது என் எண்ணம். அம்மாவின் நடையில் நான் விட்ட பிழையின் வேரும் அங்கேதான்.

*

அடுத்த திருப்பத்திலும் சிட்னிக்குப் பங்குண்டு. வெடிக்கும் சிறு கருந்துளைகளின் வானொலி அலைகளைத் தேடிய ஜோன் ஓ'சலிவன், பின்னர் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தின் சிட்னி ஆய்வுகூடத்தில் ஒரு குழுவோடு வேலை செய்தார். அறைக்குள் அலைகள் சுவர்களில் பட்டுத் தெறித்துக் குழம்பும் சிக்கலுக்கு அவர்கள் கண்ட தீர்வுக்கு 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இன்று நாம் பாவிக்கும் வேகமான வைஃபையில் அந்தத் தீர்வு இருக்கிறது.

வைஃபை வீட்டுக்கு வீடு வந்தபின், 2012 செப்டெம்பரில், மெல்பேர்னில் ஃபில் போசுவா என்பவர் வைஃபையில் நேரடியாக இயங்கும் 'லிஃப்எக்ஸ்' குமிழுக்குப் பொதுமக்களிடம் முன்பணம் கேட்டார். ஒரு இலட்சம் அமெரிக்க டொலர் கேட்டவருக்குச் சில நாட்களில் 13 இலட்சம் சேர்ந்தது. கைத்தொலைபேசியில் நிறம் மாறும் விளக்கு. மின்னியலாளர் வேண்டாம், சுவரை உடைக்க வேண்டாம். பின்னால் பல நாட்டு நிறுவனங்களும் இந்தச் சந்தையில் இறங்கின. விலை விழுந்தது. விலை விழுந்தபோது இன்னொன்றும் சத்தமில்லாமல் நடந்தது: வீட்டுக்குள் இருந்திருக்க வேண்டிய மூளை, செலவைக் குறைப்பதற்காக நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போனது. வாங்குபவர் குமிழை வாங்கினார். ஆளி விற்றவரிடமே தங்கிவிட்டது. சுடுநீர்த் தாங்கியைப்போல மலிந்த கட்டணம் என்ற பேச்சு இங்கு இல்லை. கேட்காமலே எடுத்தார்கள்.

அதன் விளைவு விரைவில் தெரிந்தது. அமெரிக்காவில் 'ரிவோல்வ்' என்ற வீட்டு மையக் கருவியை விற்ற நிறுவனத்தை நெஸ்ட் வாங்கி, 2016 மே மாதத்தில் அதன் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய பெட்டிகள் ஒரே நாளில் வெறும் பிளாஸ்ரிக் ஆயின. 2022 ஏப்ரலில் 'இன்ஸ்டியோன்' சேவையகங்கள் முன்னறிவித்தல் எதுவுமின்றி மௌனமாயின. சில வாரங்களில் பாவனையாளர் குழுவொன்றே அதை விலைக்கு வாங்கி உயிர்ப்பித்தது. நம் லிஃப்எக்ஸும் கைமாறியது. 2019இல் ஓர் அவுஸ்திரேலிய நிறுவனத்துக்கும் 2022இல் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கும். ஆனால் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே அந்தக் குமிழோடு பேசும் மொழியை அவர்கள் முன்பே வெளியிட்டிருந்தார்கள். அதைக் கற்றவர்களின் விளக்கு உரிமையாளர் யாரானாலும் எரிந்தது.

2024 அக்டோபர் 28 அன்று டெல்ஸ்ட்ராவும் ஒப்டஸும் 3ஜி வலையமைப்பை நிறுத்தத் தொடங்கியபோது, வயோதிபர் கழுத்தில் அணியும் அவசர அழைப்புக் கருவிகளில் பழையவை ஊமையாகும் என்ற எச்சரிக்கை பலமுறை விடுக்கப்பட்டது. தனியே வாழும் தாயையோ தந்தையையோ நினைத்துப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தவை அவை. அந்தக் கருவிகளைத் தேடி ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டியிருந்தது.

*

எதிர்த்திசையிலும் வேலை நடந்தது. மெல்பேர்னில் ஜொனதன் ஒக்சர் என்பவர் தன் வீட்டையே ஆய்வுகூடமாக்கினார். கதவைத் திறக்கும் இலத்திரன் வில்லையைக் கைத்தோலுக்குள் பொருத்திக்கொண்டவர் என்று செய்திகளில் அடிபட்டவர். ஹியூ பிளெமிங்ஸுடன் சேர்ந்து அவர் 2009இல் எழுதிய 'பிராக்டிகல் ஆர்டுயீனோ' நூல், மென்பொருள் தெரிந்தவர்களையும் ஈயம் பற்றவைக்க அழைத்தது. 2012இல் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி வந்தது. 2013இல் பௌலுஸ் ஸ்கௌட்சன் 'ஹோம் அசிஸ்டன்ட்' மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டார். 2014இல் ஷங்காயின் எஸ்பிரசிஃப் நிறுவனம் சில டொலருக்கு வைஃபை கொண்ட ஈஎஸ்பி8266 சில்லைத் தந்தது. பன்னிங்ஸில் விற்ற மலிவான ஆர்லெக் பிளக்குகளின் முந்தைய தயாரிப்புகளுக்குள் அதே சில்லு இருந்ததைக் கண்டவர்கள், அதன் மென்பொருளை அழித்துத் தம்முடையதை ஏற்றினார்கள். 1922இல் வானொலி கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் என்று இவர்களைச் சொல்லலாம். திருடப்போன ஆளியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள்.

ஆனால் இந்தப் பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. அதை நான் அனுபவித்தே கற்றேன்.

அந்த இரவுக்குப் பிறகு துங்காபிக்குப் போய் எல்லாவற்றையும் மாற்றினேன். சேவையகம் தேவைப்படும் கருவிகளைக் கழற்றினேன். அலுமாரிக்குள் ஒரு சிறு கணினி. அதில் ஹோம் அசிஸ்டன்ட். உணரிகள் ஸிக்பீ அலையில் பேசுபவை. முதல் வாரமே அவை இடையிடையே காணாமல் போயின. ஸிக்பீயும் வைஃபையும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் ஒன்றையொன்று மிதிக்கின்றன என்று தெரிந்து அலைவரிசையை மாற்றினேன்; ஸிக்பீக் குச்சியை ஒரு மீற்றர்க் கம்பியில் கணினியை விட்டுத் தள்ளி வைத்தேன். அமெரிக்காவில் மலிவாக வாங்கிய இஸட்-வேவ் பூட்டு பேசவே இல்லை: அங்கே 908 மெகாஹேர்ட்ஸ், இங்கே 921. குப்பைக் காசு. ஆறு மாதத்தில் கணினியின் நினைவட்டை தேய்ந்து எழுதமுடியாமல் போனது. நல்ல சேமிப்பகம் ஒன்றுக்கு மாற்றினேன்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு தங்கை கேட்டாள்: "அண்ணா, இது பழுதானா யார் பாக்கிறது?"

நான், என்றேன்.

"நீங்கள் இல்லாட்டி?"

அவள் பிரயாணத்தைத்தான் கருதினாள். ஆனால் நான் பார்த்திருக்கிறேன். வீட்டின் கம்பிகளையெல்லாம் தன் கையால் ஒழுங்குபடுத்திய தகப்பன் காலமானபின், கடவுச்சொல் தெரியாமல், எந்தப் பெட்டியை நிறுத்தினால் எது நிற்கும் என்று புரியாமல், மனைவியும் பிள்ளைகளும் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். தூர தேசத்து நிறுவனத்திடமிருந்து ஆளியைப் பறித்து மெல்பேர்னில் இருக்கும் மகனின் கையில் கொடுத்தால், அம்மாவுக்கு அது இன்னொரு தூர தேசம்தான்.

அதனால் மூன்றாம் முறையும் மாற்றினேன். உரிமம் பெற்ற மின்னியலாளர் ஒருவரை அழைத்து, நடை, குளியலறை, சமையலறை மூன்றிலும் சாதாரணக் குமிழ்களைப் போடச்சொல்லி, தானியக்கக் கருவியைச் சுவிச்சுக்குப் பின்னால் பூட்டச் செய்தேன். நல்ல காலம், அந்தச் சிறு வீடு புதியது. நியூட்ரல் கம்பி சுவிச் வரை வந்திருந்தது. உணரி வேலை செய்தால் விளக்குத் தானாக வரும். கணினி செத்தாலும், இணையம் போனாலும், நான் செத்தாலும், சுவரில் இருக்கும் சுவிச்சை அழுத்தினால் விளக்கு எரியும்.

பிறகு நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று வாங்கினேன். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எதைப் பிடுங்கினால் எது நிற்கும், எதைப் பிடுங்கினால் ஒன்றும் ஆகாது என்று ஒரு பக்கத்துக்கு ஒன்றாக எழுதினேன். இடது பக்கம் அம்மாவுக்காகத் தமிழில், வலது பக்கம் தங்கையின் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில். கடவுச்சொற்கள் கடைசிப் பக்கத்தில். பழைய சஞ்சிகைகள் செய்ததுபோல, எங்கே பிழைக்கும் என்பதையும் எழுதினேன்.

சேவையகங்களின் மேல் இருந்த கோபம் எனக்குக் கொஞ்சம் தணிந்திருக்கிறது. 2022 அக்டோபரில் வந்த 'மேட்டர்' என்ற பொது மொழி, பல நிறுவனங்களின் கருவிகள் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள வழிசெய்கிறது. மறுபுறம், விக்டோரியாவில் 2024 அக்டோபர் முதல் புதிதாகப் பூட்டும் கூரைச் சூரியத் தகடுகளை, மின்வலைக்கு ஆபத்து வரும் நேரத்தில், தூரத்திலிருந்தே கட்டுப்படுத்த வசதி இருக்கவேண்டும் என்று விதி வந்திருக்கிறது. சுடுநீர்த் தாங்கியோடு பேசிய சமிக்ஞை எழுபது வருடம் கழித்துக் கூரை ஏறியிருக்கிறது. அதில் நியாயம் இருக்கலாம். கொடுக்கும் ஆளி எது, பதிலுக்குக் கிடைப்பது எது என்று கேட்டுவிட்டுக் கொடுக்கவேண்டும்.

சென்ற மாதம் போனபோது கொப்பியைப் பார்த்தேன். தமிழ்ப் பக்கமொன்றில், என் எழுத்துக்குக் கீழே, அம்மா பென்சிலால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'ஒண்டும் சரிவராட்டி நெருப்புப்பெட்டி மேல் தட்டில.' அதை அழிக்கவில்லை. கீழே, கையில் பிடிக்கும் ரோச் எந்த லாச்சியில் இருக்கிறது என்று எழுதிவிட்டு, புதுப் பற்றரி போட்டு அங்கே வைத்துவிட்டு வந்தேன்.